ஆறு பிடி கல்லுப்பு

ஏப்ரல் 3, வியாழன்

நர்ஸம்மா ஜெசிந்தா இன்னைக்கு வீட்டுக்கே வந்துட்டாங்க. கையில பட்டையைச் சுத்தி புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சுப் பாத்துட்டு, "நூத்தி எழுவதுக்கு நூறு"ன்னாங்க. பரீட்சை மார்க்கா இருந்தா தெருவெல்லாம் மிட்டாய் குடுத்திருப்பேன்.

"அழகம்மாம்மா, மாத்திரை மட்டும் பத்தாது. உப்பைப் பாதியாக் குறைக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இந்த நாலும் தொடக்கூடாது."

நான் திங்கிறதே அந்த நாலுதான். சோறு சும்மா தொணைக்கு.

உப்பைக் குறைன்னு யாருகிட்டச் சொல்லுறாங்க பாருங்க. நத்தத்துல எங்க மகளிர் குழு மாங்கா ஊறுகாய்க்கு இருபத்திரண்டு வருசமா உப்புப் போடுற கை இது. பதினாலு பொம்பளைங்க இருக்கோம். காய் வெட்ட, காயப்போட, எண்ணெய் காச்சன்னு ஆளுக்கொரு வேலை. உப்பு மட்டும் நான். ஒரு தாம்பாளம் காய்க்கு ஆறு பிடி கல்லுப்பு. கிளறிவிட்டு, ஊறின தண்ணிய ஒரு சொட்டு புறங்கையில விட்டு நக்கிப் பாப்பேன். நான் சரின்னாத்தான் காய் ஜாடிக்குள்ள போகும். என் மருமக யோகலட்சுமி அங்க லேபிள் ஒட்டுறா. "கிராம் கணக்குல எழுதி வச்சுக்குவோம் அத்தை"ன்னு மூணு வருசமா நச்சரிக்கிறா. "என் நாக்குதான்டி தராசு"ன்னு விரட்டிவிட்டேன்.

பத்தியச் சோறு தின்னு அந்த நாக்கு செத்துப்போச்சுன்னா? பாத்திரம் கழுவுற இடத்துல கொண்டுபோய் உக்கார வச்சிருவாங்க. அதை நினைச்சாத்தான் நெஞ்சு அடிக்குது. நர்ஸம்மாகிட்ட இதைச் சொல்லலை.

தின்னதையெல்லாம் எழுதச் சொல்லி ஒரு நோட்டு குடுத்துட்டுப் போயிருக்காங்க. அந்த நோட்டு அவங்களுக்கு. இந்த டைரி எனக்கு. உண்மை எல்லாம் இதுலதான். தலகாணி உறைக்குள்ள பத்திரமா இருக்கு, ஒரு ஈ காக்கா பாக்காது.

ஏப்ரல் 5, சனி

நர்ஸம்மா நோட்டுல எழுதினது: இட்லி மூணு, உப்புக் குறைச்ச சட்னி, வெள்ளரிக்காய்.

நடந்தது: இட்லி அஞ்சு. யோகா வச்ச சட்னியை வாயில வச்சதும் சுவத்தை நக்கின மாதிரி இருந்துச்சு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? இனிமே யாராச்சும் "நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்குறியா"ன்னு கேட்டா, "இல்லை, டாக்டர் வேணாம்னுட்டாரு"ன்னுதான் சொல்லணும்.

எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தனியா ஒரு கிண்ணத்துல உப்பு வைக்கிறா. மனுசன் என் முன்னாடியே அள்ளித் தூவிக்கிறாரு. முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தினதுக்கு இதுதான் மிச்சம்.

போன வருசம் நான் போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்து, அரிசி டிரம்முக்குப் பின்னாடி சாக்கைப் போத்தி வச்சுட்டேன். யோகாவுக்கு டிரம்மை நகட்டத் தெம்பு கிடையாது. கெட்டிக்காரத்தனத்துல இந்த ஊருல எனக்கு ஈடு நான்தான்.

ஏப்ரல் 9, புதன்

யோகா தண்ணி பிடிக்கப் போன நேரம் ஒரு துண்டு. அப்பாடா! உசுரு திரும்பி வந்துச்சு.

ஏப்ரல் 10, வியாழன்

நூத்தி அறுவத்தெட்டு. நோட்டைப் பாத்துட்டு நர்ஸம்மா, "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா"ன்னாங்க. பொய்யை அழகா எழுதுனா அதுவும் ஒரு மரியாதைதான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. மாங்கா பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை எல்லாம் இருந்துச்சு. உப்பு மட்டும் வேற ஊருக்குப் போயிருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு சோலைமலை, மினி பஸ் ஓட்டுறவரு. பஸ் ஸ்டாண்டுல வறுத்து விக்கிற உப்புக்கடலை வாங்கிட்டு வரச் சொல்லி அவரைக் கெஞ்சினேன். சட்டைப்பையில கொண்டாந்து குடுத்தாரு. குடுக்கும்போது காதெல்லாம் செவந்து போச்சு. திருட்டுத்தனம் தெரியாத மனுசன், பாவம்! கடலையில உப்பு கம்மியாத்தான் ஒட்டியிருந்துச்சு. இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா யாவாரம் பண்றான்?

டைரியில போன பக்கத்து ஓரமா மஞ்சக்கறை. நான் காலையில இருந்து மஞ்சளைத் தொடவே இல்லை. மறந்திருப்பேன், வயசாகுதுல்ல.

ஏப்ரல் 22, செவ்வாய்

டிரம்முக்குப் பின்னாடி இருக்கிற ஊறுகாய் கொஞ்சம் மெத்துன்னு ஆயிருக்கு. எண்ணெயும் கூடத் தெரியுது. வயசானா எல்லாம் மெத்துன்னுதான் ஆகும்.

ஏப்ரல் 24, வியாழன்

நூத்தி அம்பத்தாறு! தினம் ஊறுகாய், கடலைன்னு வெட்டுறேன், பிரசர் இறங்குது. டாக்டருங்க படிச்ச படிப்பையெல்லாம் ஆத்துல விட்டுறலாம்.

மே 4, ஞாயிறு

எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் மகன் கல்யாணம். ரசத்தை ஒரு வாய் வச்சேன், தொண்டை எரிஞ்சு போச்சு. சமையக்காரரைக் கூப்புட்டு, "ஏப்பா, உப்பு உங்க மாமனார் வீட்டுச் சீதனமா?"ன்னு கேட்டுட்டேன். அவரு முழிக்கிறாரு. பக்கத்துல எங்க வீட்டுக்காரரு மூணு தடவை ரசம் வாங்கி உறிஞ்சிக்கிட்டிருந்தாரு. கேட்டா, "எனக்குச் சரியா இருக்கே அழகு"ன்னு இலையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

மே 7, புதன்

இன்னைக்கு சாம்பார்ல யோகா உப்புச் சரியாப் போட்டிருந்தா. அடிச்சுத் தின்னேன். பத்தியத்தை மறந்துட்டா போல, இல்ல எம்மேல இரக்கம் வந்திருச்சு. நான் ஏன் வாயைக் குடுக்கணும்? பேசாம இன்னொரு கரண்டி வாங்கிக்கிட்டேன்.

மே 12, திங்கள்

அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்க மதுரைக்குப் போனோம். வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல். ஒரு பந்தல்ல குடிச்சா கடல்தண்ணி. அடுத்த பந்தல்லயும் அப்படித்தான். டீக்கடை வடையைப் பாதியில போட்டுட்டேன். இந்த வருசம் ஊரே உப்பை மூட்டையோட கவுக்குது. என்ன நேத்திக்கடனோ!

மே 15, வியாழன்

நூத்தி முப்பத்தாறு. நர்ஸம்மாவுக்குச் சந்தோசம் தாங்கலை. "உங்க நோட்டை மத்த பேசண்டுகளுக்குக் காட்டப்போறேம்மா, அழகம்மாளைப் பாருங்கன்னு சொல்லப்போறேன்"ன்னாங்க. எனக்கு விக்கல் எடுத்திருச்சு. யோகா ஓடிவந்து தண்ணி குடுத்தா. குடுக்கும்போது வாயை முந்தானையால மூடிக்கிட்டுத் திரும்பிக்கிட்டா. அவளுக்கும் இருமல் போல.

மே 21, புதன்

பெரிய வேலை இன்னைக்கு. ஜூலை மாசம் மதுரைக் கண்காட்சியில எங்க குழுவுக்கு ஒரு கடை குடுத்திருக்காங்க. முந்நூறு பாட்டில் கொண்டுபோகணும். இது நல்லா அமைஞ்சா வருசம் பூரா மதுரையில இருந்து கேட்டு வருவாங்க. பதினாலு பேருக்கும் விடாம வேலை இருக்கும்.

காயை வெட்டுனது பிச்சையம்மா. என்னை "மதினி"ன்னு கூப்புடுவா. இருபது வருசமா அருவாமனையில அவ, தாம்பாளத்துல நான். அவ வெட்டுனா ஒவ்வொரு துண்டுலயும் கொட்டை ஓடு ஒட்டியிருக்கும், ஒண்ணு கூடச் சிதையாது.

கை வழக்கம்போல ஆறு பிடி போட்டுச்சு. நக்கிப் பாத்தேன். ஐயோ, வாயே வெந்து போச்சு! அந்தத் தாம்பாளத்துல இன்னும் அரைத் தாம்பாளம் காயைக் கொட்டிக் கலந்தேன். அடுத்த தாம்பாளத்துல இருந்து நாலே பிடி. அப்பத்தான் நாக்குக்குச் சரிப்பட்டுச்சு.

பிச்சை அருவாமனையில இருந்து எட்டிப்பாத்து, "மதினி, எப்பவும் ஆறு பிடியில்ல போடுவ? நாலுதான விழுந்துச்சு?"ன்னா.

"நீ காயை எண்ணு, என் கையை எண்ணாத. இந்த வருச உப்பு காரமான உப்பு"ன்னேன்.

அவ அடுத்த காயை எடுத்து அருவாமனையில வச்சா. யோகாவும் பாட்டில் தொடச்சுக்கிட்டே என்னைப் பாத்தா. என்னமோ கேக்க வந்து, வாயை மூடிக்கிட்டா.

மே 30, வெள்ளி

முந்நூறு பாட்டிலும் நிரப்பி மூடியாச்சு. ஒரு சொட்டு எடுத்து நக்கினேன். அமிர்தம். நாலு பிடியில இப்படி ஒரு பக்குவம் இத்தனை வருசம் எனக்கே தெரியாமப் போச்சே.

ஜூன் 12, வியாழன்

பூசணம் பூத்திருச்சு.

எழுதவே கை வரலை. லேபிள் ஒட்டப் போன யோகாதான் முதல்ல பாத்தா. மூடியைத் திறந்தா மேலாக்க வெள்ளை வெள்ளையா படை. ஒரு பாட்டில் இல்ல, ரெண்டு பாட்டில் இல்ல, திறந்ததெல்லாம் அப்படித்தான். இருபத்திரண்டு வருசத்துல நான் உப்புப் போட்ட ஜாடியில ஒரு புள்ளி பூசணம் பாத்ததில்லை.

எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கிர்ருன்னு ஏறிச்சு.

"எவ ஈரக்கையோட காயைத் தொட்டது?"ன்னு கத்துனேன். "ஏ பிச்சை, அன்னைக்கு நீதான முகத்தைக் கழுவிட்டு வந்து அப்படியே அருவாமனையில உக்காந்த?"

"கையைத் தொடச்சுட்டுத்தான் மதினி உக்காந்தேன்."

"தொடச்ச லட்சணம்தான் பாட்டில்ல பூத்திருக்கே!"

ஊறுகாய் போடுற இடத்துல ஈரக்கைன்னு சொல்லுறது, கல்யாண வீட்டுல நகை திருடுனன்னு சொல்லுற மாதிரி. அவ அருவாமனையை மடக்கி வச்சுட்டு, எந்திரிச்சு, முந்தானையை உதறிச் சொருகிக்கிட்டுப் போயிட்டா. திரும்பிப் பாக்கலை.

சாயங்காலம் நர்ஸம்மா வந்தாங்க. நான் வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

ஜூன் 14, சனி

பிச்சை ரெண்டு நாளா வேலைக்கு வரலை. நல்லது. தப்புப் பண்ணவ வரமாட்டாதான்.

கடைசிக் காய் இன்னும் மரத்துல இருக்கு. திரும்பப் போட்டா கண்காட்சிக்குக் கொண்டுபோயிறலாம். ஆனா அவ மாதிரி வெட்ட ஆள் இல்லை. இன்னைக்கு நாலு பேரு வெட்டிப் பாத்தாங்க, காயெல்லாம் கூழாப் போச்சு.

அந்த அருவாமனை மூலையில மடங்கிக் கிடக்கு. அதைப் பாத்தா சோறு இறங்க மாட்டேங்குது.

ஜூன் 16, திங்கள்

பிச்சை வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேச இல்ல. இனிமே யாரு வெட்டுறதுன்னு கேக்கத்தான். மரியாதையா சொல்லிக்கிறேன்.

போனா அவ சாப்பிட உக்காந்திருந்தா. "வா"ன்னு கூடச் சொல்லலை. தட்டை எடுத்து என் முன்னாடி வச்சு, பழைய சோத்தைப் பிழிஞ்சு போட்டு, மோரை ஊத்தி, ஓரத்துல ஒரு துண்டு ஊறுகாய் வச்சா. கோவத்துலயும் சோறு போடுற சாதி அவ.

ஊறுகாயைக் கடிச்சேன். துப்பிட்டேன்.

"என்னடி இது, வாயில வைக்க முடியலை! எந்தக் கடையில வாங்குன? உப்பைத் தவிர வேற ஒண்ணும் போடலையா அந்தப் பாவி?"

பிச்சை என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. எந்திரிச்சுப் போயி, அலமாரியில இருந்து பாட்டிலைக் கொண்டாந்து என் மடியில வச்சா. எங்க குழு லேபிள். போன வருசத் தேதி.

"நீ போட்டதுதான் மதினி. போன வருசம் நீயே உன் கையால குடுத்தது. நான் தினமும் இதைத் தொட்டுத்தான் சோறு திங்கிறேன். உப்பு சரியாத்தான் இருக்கு."

நான் மறுபடியும் ஒரு துண்டு எடுத்து வாயில வச்சேன். நாக்கு பொத்துப் போற மாதிரி கரிச்சுச்சு. என் கை. என் உப்பு. ஆறு பிடி.

கல்யாண ரசம், நீர்மோரு, டீக்கடை வடை எல்லாம் வரிசையா நினைப்புல வந்து நின்னுச்சு. ஊருக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் ஆயிருச்சு.

பிச்சை முகத்தைப் பாக்க முடியலை. எந்திரிச்சு வந்துட்டேன். சோத்தைக் கூட முடிக்கலை.

அதே நாள், சாயங்காலம்

வீட்டுக்காரரை உக்கார வச்சுக் கேட்டேன். "அந்தக் கடலையை எங்க வாங்குனீங்க?"

ஒரே கேள்விதான். மனுசன் கொட்டிட்டாரு. "உப்பில்லாம வறுத்ததாக் கேட்டு வாங்குவேன் அழகு. மேலாக்க மட்டும் ரெண்டு கல்லு தூவிக் குடுக்கச் சொன்னது மருமகதான்."

யோகாவைக் கூப்புட்டேன். அவ அழுதுட்டா. டிரம்முக்குப் பின்னாடி இருந்த பாட்டிலை ரெண்டாவது வாரமே எடுத்திருக்கா. துண்டுகளைத் தண்ணியில அலசி, மிளகாப்பொடி போட்டு, எண்ணெய் ஊத்தித் திரும்ப அங்கேயே வச்சிருக்கா. வாராவாரம் அலசியிருக்கா. மே மாசம் அவ "சரியாப் போட்ட" சாம்பார்ல முதல்ல போட்டதை விடவும் உப்புக் கம்மியாம்!

"ஒரேயடியாக் குறைச்சா உங்களுக்குத் தெரிஞ்சிரும் அத்தை. அதான் சொட்டுச் சொட்டாக் குறைச்சேன். உங்கம்மாவுக்கு வந்த மாதிரி கை கால் விழுந்துருமோன்னு பயம். அன்னைக்கு நாலு பிடி போட்டப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா எல்லாம் வெளிய வந்துரும்னு பேசாம இருந்துட்டேன்."

"டிரம்மு உனக்கு எப்படித் தெரியும்?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எங்க வீட்டுக்காரரு மெதுவா வாசப்பக்கம் நழுவுனாரு.

"தலகாணி உறையைத் துவைக்க எடுத்தேன் அத்தை…"

ஜூன் 17, செவ்வாய்

யோகா, நீ இதைப் படிப்பன்னு தெரியும். படி. நர்ஸை ஏமாத்துன என்னை, நீ உக்காந்த இடத்துல ஏமாத்திட்ட. கெட்டிக்காரத்தனத்துல எனக்கு ஈடு இல்லைன்னு எழுதின பக்கத்தைக் கிழிச்சுறலாம்னு பாத்தேன். அதை நீ ஏற்கெனவே படிச்சுச் சிரிச்சிருப்ப.

கோவம் இருக்கு. ஆனா என் காலு ரெண்டும் நேரா நிக்கிது. எங்கம்மாவுக்கு அம்பத்தெட்டுல அது இல்லை. இதை வாயால சொல்லமாட்டேன். எழுதிட்டேன், எடுத்துக்க.

பிச்சை விசயத்துல மட்டும் உனக்கும் பங்கு இல்ல, நர்ஸுக்கும் பங்கு இல்ல. அது நான் பண்ணது. உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்.

ஜூன் 18, புதன்

காலையில முதல்ல பிச்சை வீட்டு வாசல்ல போய் நின்னேன். "பன்னெண்டு பேரு முன்னாடி உன்னைச் சொன்னேன், அதே பன்னெண்டு பேரு முன்னாடி என்னையும் சொல்லணும். வந்து கேளு"ன்னேன். வந்தா. மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தா.

எல்லாரும் உக்காந்திருந்தாங்க. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். "பூசணம் வந்தது ஈரக்கையால இல்ல. உப்புக் கம்மியாப் போச்சு. என் நாக்கு மாறிப்போச்சு, எனக்கே தெரியலை. பிச்சை அன்னைக்கே எண்ணிச் சொன்னா, நான் வாயை அடைச்சேன். ரெண்டு மாசமா நான் சோத்துல உப்புப் போட்டுத் திங்கலை. ஆனா ரோசம் இருக்கு. அதான் நிக்கிறேன். என்னைப் பாத்திரம் கழுவப் போடுறதுன்னா போடுங்க."

பிச்சைதான் பேசுனா. "நாக்குதான மாறுச்சு? கை மாறலையே. கை முதல்ல ஆறுதான போட்டுச்சு. நீ நாக்குப் பேச்சைக் கேட்டுக் கெட்ட."

யோகா ஓடிப்போய்த் தராசைத் தூக்கிட்டு வந்தா. மூணு வருசமா அதைத் தொடச்சு வச்சுக் காத்திருந்திருக்கா, கழுதை. என் கண்ணை முந்தானையால கட்டிவிட்டாங்க. உப்பு மூட்டைக்குள்ள கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தட்டுல போட்டேன். யோகா எழுதுனா. திரும்ப ஒரு பிடி. திரும்ப. பத்துத் தடவை.

"அத்தை, அறுபது கிராம். அடுத்ததும் அறுபது. இது அறுபத்தொண்ணு."

பத்துப் பிடியிலயும் ஒரு கிராமுக்கு மேல வித்தியாசம் இல்ல. பொம்பளைங்க கை தட்டிட்டாங்க. கட்டை அவுத்தப்ப என் கண்ணுல தண்ணி. உப்புத்தூசி பட்டிருச்சுன்னு சொன்னேன்.

இருபத்திரண்டு வருசம் நாக்கைப் பெருசா நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். கணக்கு அத்தனையும் கைக்குள்ள இருந்திருக்கு. யோகா அதைச் சுண்ணாம்புக் கட்டியால செவுத்துல பெருசா எழுதிட்டா. இனிமே யாரு வேணாலும் போடலாம்.

மதியம் பிச்சை அருவாமனையை விரிச்சா. நான் பக்கத்துல உக்காந்து காயைத் தொடச்சுத் தொடச்சுக் குடுத்தேன். ஒரு கூடை காயை வெட்டி முடிச்சா. அப்புறம், "கையை நல்லாத் தொடச்சுக்க மதினி, ஈரம்"ன்னா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும்தான்.

ஜூன் 19, வியாழன்

நர்ஸம்மா கால்ல விழாத குறையா அந்தப் பொய் நோட்டைப் பத்திச் சொல்லிட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "தினமும் வெள்ளரிக்காய்னு எழுதுனப்பவே தெரியும்மா, இந்த வருசம் வெள்ளரிக்காய் வண்டி இந்தத் தெருவுக்கு வரவே இல்லை"ன்னாங்க. இந்த ஊருல என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு.

நானே அவங்களைக் குழுவுக்குக் கூட்டிட்டுப் போயி எல்லாருக்கும் பட்டை போட்டுப் பாக்கச் சொன்னேன். பிச்சைக்கு நூத்தி எம்பத்திரண்டு.

அவளுக்கும் ஒரு நோட்டு. பிச்சை முகம் கருகிப் போச்சு. நர்ஸம்மா போனதும் என் காதுகிட்ட வந்து, "மதினி, நீ எங்க ஒளிச்சு வச்ச?"ன்னு கேட்டா.

ஜூன் 24, செவ்வாய்

பிச்சைக்கு ஒரு புது டைரி வாங்கிக் குடுத்தேன். நல்ல கெட்டி அட்டை.

"நர்ஸு நோட்டுல என்ன வேணாலும் எழுதிக்க. மனசுல இருக்கிற உண்மையை மட்டும் ஒளிக்காம இதுல எழுது. என்ன தின்ன, எங்க வச்சிருக்க, எல்லாம். எழுதுனா பாரம் குறையும். தலகாணி உறைக்குள்ள வச்சுக்க, யாரும் தொடமாட்டாங்க."

"நீ நல்லவ மதினி"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

ஜூன் 28, சனி

முந்நூறு பாட்டிலும் புதுசா நிரப்பியாச்சு. தராசு சொன்ன உப்புதான். நான் நக்கிக் கூடப் பாக்கலை.

சாயங்காலம் பிச்சை கோயிலுக்குப் போன நேரம் அவ வீட்டுக்குப் போனேன். டைரி தலகாணி உறைக்குள்ளதான் இருந்துச்சு. முதல் பக்கத்துல எழுதியிருக்கா: "உப்பைக் குறைச்சா வேலை செய்யத் தெம்பு போயிருமோன்னு பயமா இருக்கு. மதினிகிட்டச் சொல்லலை." அதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் கட்டில்லயே உக்காந்துட்டேன். அடுத்த வரி: "பாட்டில் மிளகாய் மூட்டைக்குப் பின்னாடி."

இருபத்தி நாலு துண்டு இருந்துச்சு. எல்லாத்தையும் தண்ணியில போட்டு அலசி, மிளகாப்பொடி தூவி, எண்ணெய் ஊத்தி, எடுத்த இடத்துலயே வச்சுட்டு வந்தேன். ஒரு தண்ணிதான் அலசினேன். முதல் வாரமில்லையா? ஒரேயடியாக் குறைச்சா அவளுக்குத் தெரிஞ்சிரும்.